தாழிக்குள் வைத்த மைக்

இது நடந்தது. ராத்திரியில் அல்ல. பட்டப்பகலில், பங்குனி வெயிலில், பேரையூருக்குப் பக்கத்தில் ஒரு ஓடைக்கரையில் நடந்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், அங்கே இன்னும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். பேய் என்றால் அமாவாசை வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். என்னிடம் நாய்கூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கை கால் உதறியது, நெஞ்சு படபடத்தது என்றெல்லாம் எழுதினால் உங்களுக்கு ருசியாக இருக்கும். ஆனால் அது பொய். அந்த மூன்று வாரமும் எனக்குப் பயம் வரவில்லை. பயம் மட்டுமல்ல, எதுவுமே வரவில்லை.

என் பெயர் பிச்சுமணி. தொழில் ஒலிப்பதிவு. கச்சேரி, நாடகம், கோயில் உற்சவம் என்று மதுரையில் எங்கே மைக் வைத்தாலும் அதன் மறுமுனையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். கொசு பறந்தால்கூட அது ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். காதுதான் எனக்குச் சோறு போட்டது.

1986-இல் என் கல்லூரித் தோழன் விஸ்வேஸ்வரன் டி.வி.க்கு ஒரு தொடர் எடுத்தான். மதுரைப் பக்கம் டி.வி. வந்தே கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தொடருக்குப் பெயர் 'பூமிக்கு அடியில்'. எகிப்து, மொகஞ்சதாரோ என்று பழைய நாகரிகங்களின் மர்மங்களை வாரம் ஒன்றாக அவிழ்ப்பது. விசுவே அதில் கதாநாயகன் மாதிரி வருவான். காக்கிச் சட்டை, தொப்பி, கையில் டார்ச். எகிப்துக்குப் போக வழியில்லாததால் திருநகரில் அவன் வீட்டுக் கொல்லையில் வைகை மணலைக் கொட்டி, மின்விசிறியை வைத்துப் பாலைவனப் புயல் எடுத்தோம். பக்கத்து வீட்டு மாமி காயப்போட்ட வடகம் எல்லாம் அன்றைக்குப் பிரமிடுக்குப் பலியானது.

ஒவ்வொரு வாரமும் ஆரம்பத்தில் கேமராவைப் பார்த்துக் கை நீட்டி ஒரே வசனம் சொல்வான். "வாங்க... என்கூட வாங்க!" அதுதான் தொடரின் முத்திரை.

கடைசி வாரத்துக்கு நம் ஊர் மண்ணையே எடுக்கலாம் என்று முடிவு செய்தான். அதற்காகத்தான் பேரையூர்ப் பக்கம் போனோம்.

ஓடை கரையை அரித்துப்போட்டதில் அங்கே முதுமக்கள் தாழிகள் வெளியே தெரிந்தன. செத்தவரை முழங்காலை மடக்கி உட்காரவைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள். பெரும்பாலும் உடைந்து கிடந்தன. ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. உள்ளே இருந்த எலும்பை எல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் எப்போதோ எடுத்துப் போயிருந்தார்கள். அடியில் கொஞ்சம் மணல்தான் கிடந்தது.

நிலம் சீனியம்மாள் என்பவருடையது. நாற்பது வயது இருக்கும். பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் மடியைக் கொட்டிவிட்டு வந்தார்.

"எடுத்துக்கிருங்க. ஆனா உருமத்துக்குள்ள முடிச்சிருங்க. முடிஞ்சதும் சொல்லிக்கிடாமப் போயிருங்க."

உருமம் என்றால் உச்சிவேளை என்று எங்கள் கேமராமேன் கருத்தக்கண்ணன் சொன்னான். அவன் வாடிப்பட்டிக்காரன். சொல்லிக்கொள்ளாமல் போ என்றால் என்ன மரியாதை என்று நான் கேட்டேன். அவன் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தான்.

எதிர்பார்த்த மாதிரியே விசு உச்சிவேளை வரைக்கும் இழுத்தான். கடைசியாக அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

"கேமராவைத் தாழிக்குள்ள வைடா. பார்க்கறவா எல்லாம் உள்ள உட்கார்ந்துண்டு என்னை அண்ணாந்து பார்க்கணும். நான் மேலேர்ந்து குனிஞ்சு கூப்பிடறேன்."

கண்ணன் தயங்கினான். "அண்ணே... அதுக்குள்ள பாத்தா வாங்கன்னு கூப்புடுறது?"

"பின்னே வானத்தைப் பார்த்தா கூப்பிடுவா?"

எங்களிடம் சாவி கொடுத்தால் தானாக ஓடும் சின்ன 16 எம்.எம். கேமரா ஒன்று இருந்தது. கண்ணன் தாழிக்குள் கையை விட்டு அதை அடியில் மணல்மேல் வானத்தைப் பார்க்கும்படி வைத்தான். பக்கத்திலேயே என் மைக்கையும் வைத்தான். சாவி கொடுத்து ஓட விட்டுவிட்டு ஒதுங்கி நின்றான். நான் இருபது அடி தள்ளி ஒரு வேலமரத்து நிழலில் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருந்தேன். சீனியம்மாள் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். ஆனால் அவர் போனதை நான் கவனிக்கவில்லை.

ஹெட்ஃபோனில் கேமரா ஓடும் 'டிர்ர்ர்' சத்தம். அதற்கு அடியில் வெறும் பானையின் 'ஊம்...' என்ற ரீங்காரம். விசு தாழியின் வாய்க்குமேல் குனிந்தான். தாயின் வயிற்றில் குழந்தை மடங்கிக் கிடப்பது போலவே நம் முன்னோர் இதற்குள் மடங்கிக் கிடந்தார்கள் என்று ஆரம்பித்து, கையை உள்ளே நீட்டினான்.

"வாங்க... என்கூட வாங்க!"

அப்படியே அசையாமல் நின்றான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"வாரேன்."

சாதாரணக் குரல். மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பவர்களின் அலுத்த குரல். ஆணா பெண்ணா தெரியவில்லை.

நம் ஊரில் ஒருவர் 'வாரேன்' என்றால் நாம் என்ன சொல்வோம்? யோசிக்கவா செய்வோம்? வாய் பாட்டுக்குச் சொல்லிவிடும். சீனியம்மாள்தான் சாப்பிடப் போகிறார், சொல்லிக்கொள்கிறார் என்று நினைத்தேன். ரெக்கார்டரின் மீட்டரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினேன்.

"சரி, வாங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது.

மைக் தாழிக்குள் இருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தேன். பருத்திக் காட்டில் யாரும் இல்லை. விசு குனிந்தபடி நிற்கிறான். கண்ணன் அவனுக்குப் பின்னால். 'டிர்ர்...' சத்தம் மெதுவாகி நின்றது. இன்னொன்றும் தெரிந்தது. என் ஹெட்ஃபோனில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் வரும். அந்தக் குரல் இடது காதில் மட்டும் கேட்டது.

இடது காது சில்லென்று இருந்தது. அந்த வெயிலில்.

அப்போதே ஓடியிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேபிளைச் சுற்றினேன். ஜீப்பில் ஏறினேன். திருமங்கலத்தில் டீ குடித்தோம். கடைக்காரர் ஆற்றிக் கொடுக்கும்போது டம்ளர் தவறி, கொதிக்கிற டீ முழுதும் என் இடது கையில் கொட்டியது. கத்தியது கண்ணன்தான். நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் சிவந்து மேலே எழும்பியது. யாருடைய கையோ மாதிரி இருந்தது.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி நாகலக்ஷ்மி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டர். நாள் முழுக்க அவளும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஊரார் குரலைக் கேட்பவள்தான். வீட்டில் ஒரே சங்கீதம்தான் போங்கள் என்று அவள் அண்ணா கேலி செய்வார். நாகுவிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் விடைபெற்றாலும் "சரி, வாங்கோ" என்று சொல்லாமல் அனுப்ப மாட்டாள். கீரைக்காரியா, மீட்டர் ரீடிங் எடுப்பவரா, விலாசம் தவறி வந்தவரா, எல்லோருக்கும் உண்டு. விலாசம் தவறியவர் எதற்கு மறுபடி வரவேண்டும் என்று நான் கேட்பேன்.

அன்றைக்குக் கைக்கு மருந்து போட்டவள் அவள்தான். "வலிக்கறதா?" என்றாள். இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை.

மறுநாள் காலை நாகு என்னை எழுப்பியபோது நான் பாயில் இல்லை. அறை மூலையில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் இரண்டும் மார்போடு சேர்ந்திருந்தன. கைகள் காலைக் கட்டியிருந்தன. தலை கவிழ்ந்திருந்தது.

"என்ன, யோகாசனமா?" என்று சிரித்தாள்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அவள் சிரிக்கவில்லை.

சாப்பாட்டில் உப்பு போட மறந்துவிட்டேன், சொல்லக்கூடாதா என்று ஒரு நாள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா காலமானார் என்று தந்தி வந்தது. என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். தந்தியைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். நாகுதான் அழுதாள். மரத்துப்போன காலை மிதித்தால் ஒன்றும் தெரியாதே, அப்படி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. காதில் ஆரம்பித்தது கழுத்து, தோள், நெஞ்சு என்று இறங்கியிருந்தது. டாக்டர் நரம்பு என்றார், மாத்திரை கொடுத்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாகு என்னை வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள்.

கொல்லையில் தண்ணீர்த் தொட்டி உண்டு. சின்னத் தொட்டி. கழுவுவதற்காகக் காலி செய்திருந்தோம். மேலே தகர மூடி போட்டிருந்தது.

அதைத் திறந்தாள்.

நான் உள்ளே இருந்தேன். மடங்கி.

மூடியை உள்ளேயிருந்து நான்தான் இழுத்து மூடியிருக்க வேண்டும். எனக்கு நினைவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருந்தால் மூச்சு முட்டிப் போயிருப்பேன். அவள் என்னை வெளியே இழுத்துப்போட்டு, தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து என் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. உள்ளே சௌகரியமாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம்தான் சென்னையிலிருந்து ஃபிலிம் கழுவி வந்தது. விசு வீட்டில் ஜன்னலுக்குப் போர்வை மாட்டி, சுவரில் புரொஜக்டரை ஓட்டினான். விசு, கண்ணன், நாகு, நான். என்னை இப்போதெல்லாம் நாகு தனியே விடுவதில்லை.

தாழிக்குள்ளிருந்து எடுத்த துண்டு கடைசியில் வந்தது. சத்தம் கிடையாது, வெறும் படம். சுற்றிலும் இருட்டு. நடுவில் வட்டமாக வானம். வட்டத்துக்குள் விசுவின் முகம் வந்து உதடு அசைத்தது. கை நீண்டது.

"பிரமாதம்" என்றான் விசு.

அப்புறம் வட்டம் பெரிதாக ஆரம்பித்தது.

மெதுவாக... தாழியின் விளிம்பு கீழே இறங்கியது. விசுவின் முகம் நெருங்கியது. அவன் கண் கேமராவைப் பார்க்கவில்லை. கீழே, தாழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தொப்பியைத் தாண்டியது படம். தோளைத் தாண்டியது. கண்ணன் நிற்பது தெரிந்தது. வேலமரம் தெரிந்தது.

மரத்தடியில் நான்.

படம் என்னை நோக்கி வந்தது. ஆட்டம் இல்லை, குலுக்கல் இல்லை. நடந்து வருகிற உயரமும் இல்லை. உட்கார்ந்தபடி நகர்ந்து வருகிற உயரம்.

நான் மீட்டரைப் பார்த்துத் தலையாட்டுகிறேன். உதடு அசைகிறது.

'சரி, வாங்க.'

பிறகு சுவர் முழுக்க என் இடது காது.

ஃபிலிம் தீர்ந்து வெள்ளை வெளிச்சம் அடித்தது. யாரும் புரொஜக்டரை நிறுத்தவில்லை. 'டப்... டப்...' என்று வால் அடித்துக்கொண்டே இருந்தது.

விசுதான் முதலில் பேசினான். "கண்ணா... இதை எப்ப எடுத்தே?"

"நான் எடுக்கலண்ணே. கேமரா உள்ளதான இருந்துச்சு. கைய விட்டு எடுத்தது நாந்தான். வச்ச எடத்துல மணல்கூடக் கலையல."

நாகு என்னைப் பார்த்தாள். "டேப் எங்கே?"

வீட்டுக்கு வந்து டேப்பைப் போட்டோம். அதுவரை நான் போட்டுக் கேட்கவே இல்லை. வேலை முடிந்ததும் கேட்டுப் பார்ப்பது என் வழக்கம், அதுவும் மரத்துப் போயிருந்தது. நாகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். வேலையில் இருக்கும்போது அவள் முகம் அப்படித்தான் ஆகும்.

"உங்க குரல் எவ்வளவு தள்ளி இருக்கணும்?"

"இருபது அடி."

"மைக்கு வாய்கிட்ட இருக்கற மாதிரி கேக்கறது."

மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "நீங்க லைனைக் குடுத்துட்டேள். அவா வந்துட்டா. இன்னும் கட் பண்ணலை. அவா வெளில வந்த இடத்துக்கு நீங்க உள்ள போயிண்டிருக்கேள்."

கண்ணனும் கூட வந்திருந்தான். "எங்க ஊர்ப்பக்கம் எழவு வீட்டுல, சுடுகாட்டுல வாரேன்னு சொல்லிக்கிட மாட்டோம்க்கா. பேசாம எந்திரிச்சுப் போயிருவோம். வாங்கன்னும் சொல்ல மாட்டோம்."

"எங்களவாளும் சொல்ல மாட்டா. இவர் சொல்லிட்டாரே" என்றாள் நாகு.

ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினவர் இப்படியா தமிழ் பேசுவார் என்று விசு பிறகு என்னிடம் வாதாடினான். அவரும் பேரையூர்க்காரர்தானே, வேறு எப்படிப் பேசுவார் என்று கண்ணன் கேட்டுவிட்டான்.

நாகு மறுநாளே லீவு போட்டாள். கண்ணன் ஜீப்பை ஓட்டினான். விசு தனக்கு ஜுரம் என்று சொல்லி அனுப்பிவிட்டான், வரவில்லை. உச்சிவேளைக்கு அங்கே இருக்க வேண்டும், வாங்க என்று சொன்ன அதே வாயால் போங்க என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நாகுவின் திட்டம்.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? நீங்களும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். வந்தவரைப் பார்த்து வெறும் 'போங்க' என்று நீங்கள் எப்போதாவது சொன்னதுண்டா? சண்டையில்கூட வராது.

ஜீப்பில் நாகு எனக்குப் பாடம் எடுத்தாள்.

"சொல்லுங்கோ."

"போயிட்டு வா—"

"கூடாது! வெறும் போங்க."

"போய்... வா—"

திருமங்கலம் தாண்டும்வரை இப்படியே. கண்ணன் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான். நாகு என் இடது கையைப் பிடித்திருந்தாள். அவள் பிடித்திருப்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது.

ஓடைக்கரையில் யாரும் இல்லை. தூரத்தில் சீனியம்மாள் நின்றிருந்தார். எங்களைப் பார்த்தார், பக்கத்தில் வரவில்லை. நான் மைக்கைத் தாழிக்குள் இறக்கினேன். போய்விட்டது என்று எனக்குத் தெரியவேண்டுமே, அதை வேறு எப்படிக் கேட்பது? ஹெட்ஃபோனை மாட்டி டேப்பை ஓடவிட்டேன்.

'ஊம்...' என்ற ரீங்காரம். அதற்குள் இன்னொன்று. மூச்சு.

அது தாழிக்குள்ளிருந்து வரவில்லை.

இடது காதுக்குப் பின்னாலிருந்து வந்தது.

வாயைத் திறந்தேன். நாக்கு வழக்கமான இடத்துக்கே ஓடியது. நாகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டில் ரத்தம். கடித்திருக்கிறாள்.

"போங்க" என்றேன்.

வா என்ற எழுத்து தொண்டை வரை வந்து நின்றது. விழுங்கினேன்.

மூச்சு நின்றது.

ரீங்காரம் மட்டும். வெறும் பானை.

அடுத்த கணம் என் இடது கை எரிந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் கொட்டிய டீ அப்போதுதான் சுட்டது. காது சுட்டது. கால் சுட்டது. சித்தப்பா போய்விட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த மணலில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். நாகு ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. அந்தச் சூட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

கண்ணன் என்னைக் கைத்தாங்கலாக ஜீப்புக்கு அழைத்துப் போனான். பின்னாலேயே நாகு மைக்கையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு வந்தாள். சீனியம்மாளிடம் நாங்கள் சொல்லிக்கொள்ளவில்லை. யாரும் திரும்பியும் பார்க்கவில்லை.

விசு அந்தத் துண்டு ஃபிலிமை வெட்டி எடுத்துவிட்டான். கடைசி வாரம் அது இல்லாமலே டி.வி.யில் வந்தது. நான் தேறிவிட்டேன். காலை நீட்டிப் படுத்தேன். தொட்டியை இடித்துவிட்டு டிரம் வாங்கி வைத்தோம். நாகு உண்டாகியிருப்பது அடுத்த மாதம்தான் தெரிந்தது. டாக்டர் கணக்குப் போட்டுச் சொன்னபோது நாகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். தெரிந்திருந்தால் அங்கே வந்திருக்கவே மாட்டாள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை என்று இருவரும் பேசிக்கொண்டோம். தை மாதம் பெண் பிறந்தது. பாலாம்பாள் என்று என் பாட்டியின் பெயர் வைத்தோம், கூப்பிடுவது பாலா.

நல்ல குழந்தை. அழுகையே கிடையாது. தடுப்பூசி போட்டபோதுகூட அழவில்லை, நர்ஸ் ஆச்சரியப்பட்டாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிடும். வருகிறவர்கள் எல்லாம் அந்த அழகைப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது இரண்டரை வயது தாண்டிவிட்டது, நன்றாகப் பேசுகிறாள். ஒன்றே ஒன்று, எங்கள் வீட்டில் எல்லோரும் 'வரேன்' என்போம். அவள் 'வாரேன்' என்பாள். எத்தனை திருத்தினாலும் அப்படித்தான்.

"எந்த ஊர்க்காரியோ, நம்மாத்துல வந்து பொறந்திருக்கா" என்று நாகு கொஞ்சுவாள்.

இன்று காலையில் ஒரு கச்சேரிக்குக் காலி டேப் தேவைப்பட்டது. பழைய ஸ்பூல்களைக் கிளறினேன். அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுக் கேட்பது என் வழக்கம். கையில் கிடைத்தது அந்த ஓடைக்கரை டேப். இரண்டாவது தடவை போனோமே, அது. அதை நான் கேட்டதே இல்லை.

என் குரல். "போங்க."

ரீங்காரம். என் அழுகை. ஹெட்ஃபோன் மண்ணில் விழும் சத்தம். கண்ணனின் செருப்புச் சத்தம் தள்ளிப் போகிறது. டேப்பை நாங்கள் நிறுத்தவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

வளையல் சத்தம் நெருங்குகிறது. நாகு மைக்கை எடுக்கத் தாழிக்குள் குனிகிறாள்.

அப்போது... மைக்குக்கு மிகப் பக்கத்தில்...

"அப்ப, போயிட்டு வாரேன்."

அதே அலுத்த குரல்.

ஒரு நொடி ஒன்றும் இல்லை.

பிறகு நாகுவின் குரல். சுத்தமாக, பணிவாக, யாரிடமும் சொல்வது போலவே.

"சரி, வாங்கோ."

அப்புறம் மைக் உரசும் சத்தம். டேப் நின்றது.

நாகுவுக்கு அது நினைவில் இல்லை. கேட்டுப் பார்த்தேன், நேரடியாக அல்ல, சுற்றி வளைத்து. அன்றைக்கு வாயையே திறக்கவில்லை என்று சத்தியம் செய்கிறாள். டேப்பை அவளுக்குப் போட்டுக் காட்டவில்லை. காட்டப்போவதும் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி பன்னிரண்டு. இடது காது சில்லென்று இருக்கிறது. பயம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

நாகு குழந்தையைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். பாலா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். பதில் கேட்காமல் படி இறங்க மாட்டாள், அது அவள் வழக்கம்.

"அப்பா, போயிட்டு வாரேன்."

'போயிட்டு வா' என்று சொன்னால் யாரை வரச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. வெறும் 'போ' என்று சொல்ல எனக்குத் தெரியும், ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் நிற்பது என் பெண்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா? குழந்தை சொல்லிக்கறாளே, பதில் சொல்லுங்கோ" என்கிறாள் நாகு.

பாலா நின்றுகொண்டே இருக்கிறாள்.